நிமிர்ந்த தலைப்பு ஏற்கப்படாது

கம்பத்துக்குச் சாய வராது. கோடவுனில் எல்லோருக்கும் அது தெரியும். சிமெண்ட் மூட்டை அடுக்கு சரிந்து முதுகில் விழுந்த பிறகு, அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் இரும்புப் பட்டைகள் வைத்துத் தைத்த ஒரு கச்சையை ஆஸ்பத்திரியில் மாட்டி அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவன் குனிவதில்லை, திரும்புவதில்லை. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் காலை நகர்த்தி, கதவு திறப்பதுபோல மொத்த உடம்பையும் திருப்புவான். அப்படி வந்ததுதான் கம்பம் என்ற பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது.

டாக்டர் அளந்து பேசுகிறவர். இன்னொரு மூட்டை இந்த முதுகில் ஏறினால் இரண்டு காலையும் மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லி, ஒரு அறிக்கையும் கொடுத்தார்.

கோடவுன் வாசலில் எடை மேடைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் உண்டு. வரும் லாரியின் எண்ணைக் குறித்துக்கொண்டு கையசைத்து உள்ளே விட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதில் இருந்தவர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து ஸ்டூல் காலியாகக் கிடந்தது. கம்பத்தை அதில் உட்கார வைப்பதில் மேனேஜருக்கு ஆட்சேபணை எதுவுமில்லை. தகுதி வாரியத்திலிருந்து இலகு வேலைக்கான ஆணை வர வேண்டும், அவ்வளவுதான். வந்தால் ஸ்டூல். வராவிட்டால் மாதம் பிறந்ததும் பழையபடி மூட்டை.

"எனக்கும் உனக்கும் என்னப்பா விரோதம்? காகிதம் என்ன சொல்லுதோ அதுதான் நான்" என்றார் மேனேஜர். உண்மையைத்தான் சொன்னார்.

கம்பத்தின் மனைவிக்கு ஒரு பெரிய சலவை நிலையத்தில் வேலை. ஆஸ்பத்திரி, ஓட்டல் படுக்கை விரிப்புகளை ஆவிப் பெட்டியில் அழுத்தித் தேய்க்க வேண்டும். அவளுடைய அண்ணன் கம்பத்தோடு கோடவுனில் இருந்தான். மூட்டையைத் தரையிலிருந்து தூக்கி அடுத்தவன் தோளில் ஏற்றிவிடுவது அவன் வேலை. விபத்து நடந்த அன்று கம்பத்தின் மேல் கிடந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தெறிந்தவனும் அந்த மச்சான்தான். "வாரியத்துக்குப் போய்ட்டு வாங்க மாப்ள, ஒரு காகிதம்தானே" என்று சொல்லி அனுப்பினான். அவன் வாரியத்துக்கு ஒருநாளும் போனதில்லை.

வாரியம் நான்கு மாடிக் கட்டடம். கம்பத்துக்காக அவன் மனைவிதான் போனாள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே கதவு நிலைகளில் வலப்பக்கம் மட்டும், தோள் உயரத்தில், பெயிண்ட் உரிந்து மரம் தெரிந்தது. கூடத்துச் சுவரில் முன்னாள் தலைவர்களின் படங்கள் வரிசையாக, எல்லாமே வலப்பக்கம் சரிந்து தொங்கின. ஆணி கழன்றிருக்கிறது என்று நினைத்த கம்பத்தின் மனைவி முதல் படத்தை நேராக்கக் கையை நீட்டினாள். காவலாளி ஓடி வந்து தடுத்தார்.

"அது அவர் ரிடையர் ஆன கோணம்மா. தொடாதீங்க."

கவுன்டரில் இருந்த எழுத்தர் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். எழுந்து அலமாரிக்குப் போனபோதும் அந்தச் சாய்வு கூடவே போனது. விண்ணப்பத்தை வாங்கிப் படித்தார். காயம், தேதி, கோடவுன் எல்லாம் சரி. மருத்துவ அறிக்கையைக் குறிப்பிட்டிருந்த இடத்தில் விரல் நின்றது.

"தலைப்பு நிமிர்ந்து நிக்குதே" என்றார்.

அவர் விளக்கியது இவ்வளவு. விண்ணப்பத்தில் ஓர் அறிக்கையை ஆதாரமாகக் காட்டினால் அதன் தலைப்பைச் சாய்வெழுத்தில் தர வேண்டும். சாயாத தலைப்பு தலைப்பாகாது, பத்தியில் வழி தவறி வந்த வெறும் சொற்கள் அவை. தலைப்பு இல்லையென்றால் அறிக்கை இல்லை. அறிக்கை இல்லையென்றால் முதுகில் காயம் இல்லை. அடுத்ததாக, விண்ணப்பத்தைக் கூடத்தில் இருக்கும் வாரியத்தின் தட்டச்சுக் கருவியில்தான் அடிக்க வேண்டும். வெளியில் அடித்தது செல்லாது. அந்தக் கருவி ஒரே வகை எழுத்தைத்தான் போடும். சாய்வு, தடிப்பு எதுவும் அதற்குத் தெரியாது. வெறும் எழுத்து.

"சாய்க்கத் தெரியாத மிஷினை வச்சுக்கிட்டுச் சாய்ச்சுக் குடுன்னா எப்படிங்க குடுக்கறது?" என்று கேட்டாள் கம்பத்தின் மனைவி.

எழுத்தர் கோபப்படவில்லை. எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள் என்று சொல்லி, இழுப்பறையிலிருந்து அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். 'தங்கள் ஐயம் கிடைக்கப் பெற்றோம்' என்று அதில் இருந்தது.

கூடத்தில் மற்றவர்களுக்கு விண்ணப்பம் அடித்துக் கொடுத்துப் பிழைக்கும் ஒருவர் வழி சொன்னார். சாய்வு கிடைக்காத இடத்தில் தலைப்புக்கு இந்தப் பக்கம் ஒரு அடிக்கோடு, அந்தப் பக்கம் ஒரு அடிக்கோடு போடுவது ஊர் உலகத்து வழக்கமாம். படிக்கிறவர்கள் அதைச் சாய்வென்று எடுத்துக்கொள்வார்களாம். போட்டார்கள். இரண்டாம் மாடிக்குப் போன விண்ணப்பம் திரும்பி வந்தது. இரண்டு இடங்களை நிரப்பாமல் கோடாக விட்டிருப்பதாகக் குறிப்பு. கம்பத்தின் மனைவி யோசித்துப் பார்த்து, ஒரு கோட்டின் மேல் கணவன் பெயரையும் மற்றதன் மேல் மாமனார் பெயரையும் எழுதிக் கொடுத்தாள். அது மூன்றாம் மாடி வரை போய்த் திரும்பியது. தலைப்பைக் காவல் காக்க இரண்டு பேரை நிறுத்தியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்.

அடுத்து நட்சத்திரக் குறி. அதுவும் ஊர் உலகத்தில் உண்டு என்றார் அடித்துக் கொடுப்பவர். தலைப்புக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு நட்சத்திரம் வைத்துக் கொடுத்தார்கள். இந்த முறை விண்ணப்பம் திரும்பி வரவில்லை. கம்பத்தின் மனைவி பெயருக்கு ஒரு தபால் வந்தது. காலஞ்சென்ற அவள் கணவனுக்கு வாரியத்தின் ஆழ்ந்த இரங்கல்.

கம்பத்தையே கூட்டிக்கொண்டு கவுன்டருக்குப் போனாள். எழுத்தர் இரங்கல் தபாலையும் கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க வழக்கப்படி நட்சத்திரம் போட்டா ஆள் தவறிட்டார்னு அர்த்தம்மா. அதுக்கு ஒரு பக்கம் போட்டாலே போதும். நீங்க ரெண்டு பக்கமும் போட்டிருக்கீங்க. நாங்க எப்படி சந்தேகப்படறது?"

ஒரு நட்சத்திரத்தை அவரே நீக்கினார். அந்த அளவுக்கு அவருக்கு அதிகாரம் இருந்தது. மற்றதை நீக்க வேண்டிய மேலதிகாரி விடுப்பில் இருந்தார். அவர் வரும்வரை கம்பம் பாதி இறந்தவனாக இருந்தான். அதில் அவனுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கோடவுனில் மட்டும் கேலி செய்தார்கள். எந்தப் பாதி என்று கேட்டான் ஒருவன்.

மேற்கோள் குறியும் போட்டுப் பார்த்தார்கள். சட்டப் பிரிவு அதைப் பிடித்துக்கொண்டது. ஒரு சொல்லைக் குறிக்குள் போடுகிறவர் அது தன் சொல் அல்ல என்று கையைக் கழுவுகிறார், ஆக இந்த அறிக்கையை விண்ணப்பதாரரே நம்பவில்லை என்று எழுதி, ஒரு நகலைக் கோடவுனுக்கும் அனுப்பியது. மேனேஜர் அதைப் பத்திரமாக எடுத்து வைத்தார்.

சாண் ஏறினால் முழம் சறுக்கியது. மாதக் கடைசி நெருங்கியது. ஒருநாள் கவுன்டர் எழுத்தர் கம்பத்தின் மனைவியைக் கிட்டே கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, இறுதி வழி ஒன்று இருக்கிறது என்றார். தலைவர் முன்னால் நேரில் நின்று தலைப்பைச் சொல்வது. நேர்முகச் சாய்வு என்று அதற்குப் பெயர்.

"எழுத்து சாயாத எடத்துல ஆள் சாயணும்மா. தலைப்பு தொடங்கறப்ப சாயணும், முடியற வரைக்கும் அப்படியே நிக்கணும். வலப்பக்கம், பன்னெண்டு பாகை. குறைஞ்சா தலைப்பு இல்ல. கூடினா அவமரியாதை."

அவர் ஏன் சாய்ந்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அலுவலகத்துக்குள் ஒரு விதியின் தலைப்பைச் சொன்னாலும் சாய வேண்டும். நாள் முழுக்க விதிகளைச் சொல்லிச் சொல்லி உடம்பு அப்படியே நின்றுவிடுகிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் நேராக நடக்கிறார்கள். கொஞ்சம் சரிந்தவர்களுக்குத் தனி மேசை. நன்றாகச் சரிந்தவர்களுக்குத் தனி அறை.

அவள் அறிக்கையை எடுத்து இரண்டாவது வரியைக் காட்டினாள். இவர் குனிதல், சாய்தல், எடை தூக்குதல் மூன்றையும் அறவே தவிர்க்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார்.

எழுத்தர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். "அது உள்ளடக்கம். தலைப்பு ஏறின பிறகுதான் உள்ளடக்கத்தை நாங்க தொட முடியும். இப்ப அதை நீங்க காட்டினதே தப்பு. நான் பாக்கல."

நேர்முகச் சாய்வுக்கு வந்தவர்கள் நான்காம் மாடி நடைவழியில் காத்திருந்தார்கள். சுவரில் பழகுவதற்காகச் சாய்கோடுகள் வரைந்திருந்தன. ஆளாளுக்கு ஒரு கோட்டின் மேல் தோளை வைத்து வாய்க்குள் தங்கள் தலைப்பைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலில் மாவுக்கட்டு போட்டிருந்த கண்ணாடி துடைப்பவர் ஒற்றைக் காலில் சாய்ந்து சாய்ந்து விழுந்து எழுந்தார். கண் பழுதான வெல்டர் எதிர்ச்சுவரைப் பார்த்து இடப்பக்கம் சாய்ந்துகொண்டிருக்க, அவருடைய மகள் அவர் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தாள். ஒருவருடைய அறிக்கைக்கு 'எரிகாயம்' என்று ஒரே சொல்லில் தலைப்பு. அவரை எல்லோரும் பொறாமையோடு பார்த்தார்கள்.

கம்பத்தின் தலைப்பு இது: தொடர்ந்து எடை சுமப்போருக்குக் கீழ்முதுகு எலும்பு நழுவுவதும் அதனால் கால் நரம்புகளில் உண்டாகும் அழுத்தமும் குறித்து நோயாளியை நேரில் கண்டு தயாரித்த மருத்துவப் பரிசோதனை அறிக்கை.

சுருக்கித் தரச் சொல்லி அவள் ஆஸ்பத்திரிக்கும் போய் வந்திருந்தாள். நாலு வார்த்தை எடுத்தால் வேறு நோயாகிவிடும் என்று டாக்டர் மறுத்துவிட்டார்.

விசாரணை அறையில் தலைவருக்கு உயரமான நாற்காலி. அதன் வலது கை உயரம் குறைவாக, அவர் உடம்புக்கு ஏற்றபடி இழைக்கப்பட்டிருந்தது. அவர் சரிந்திருந்த அளவுக்குக் கூடத்துப் படங்களில்கூட யாரும் சரிந்திருக்கவில்லை. கவுன்டர் எழுத்தர் பதிவு செய்ய உட்கார்ந்திருந்தார். சுவரோரம் அளவர், கையில் ஒரு மரச் சட்டம், அதிலிருந்து தொங்கும் தூக்குக்குண்டு. கொத்தனார்கள் சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கத் தொங்கவிடும் அதே குண்டுதான். இங்கே அதை வேறு விதமாகப் பிடித்தார்கள். இன்னொரு பக்கம் கோடவுன் மேனேஜர் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

தலைவர் அன்பான மனிதர். கம்பத்தைப் பார்த்ததும், உட்காரச் சொல்ல முடியாததற்கு வருத்தம் தெரிவித்தார். பிறகு பேசினார்.

"பயப்படாதீங்க. உங்க வலியை நாங்க விசாரிக்கப் போறதில்ல. வலிய விசாரிக்க நாங்க யாரு? எங்க வேலை மேற்கோள். நான் வந்து இத்தனை வருஷத்துல, பொய்னு சொல்லி ஒரு விண்ணப்பத்தைக்கூட நாங்க தள்ளினதில்ல. தள்ளினது எல்லாமே வடிவம் சரியில்லன்னுதான். ஏழைகளை நாங்க சந்தேகப்படறதில்லங்க. அது எங்களுக்குப் பெருமை."

எழுத்தர் அதைப் பதிந்துகொண்டார்.

கம்பத்தின் மனைவி கேட்டாள். சாய்வெழுத்துப் போடுகிற கருவி கடைவீதியில் எல்லாக் கடையிலும் இருக்கிறதே, ஒன்று வாங்கி வைத்தால் இவ்வளவு பேர் இந்தப் பாடு பட வேண்டாமே.

தலைவர் புன்னகை செய்தார். "வாங்கலாம்மா. அப்புறம் மிஷின் சாய்க்கும். சாய்வுக்கு மிஷின் பொறுப்பாயிடும். இந்த நாலு மாடியும் எதுக்கு? இங்க ஒவ்வொருத்தரும் உடம்பைக் குடுத்து இந்த ஒழுங்கைக் காப்பாத்திட்டிருக்கோம். நீங்க ஒருநாள் சாயறீங்க. நாங்க ஆயுசு பூராவும் சாயறோம்."

அவள் அறிக்கையை மறுபடியும் எடுத்தாள். தலைவர் கையை உயர்த்தினார், உள்ளடக்கம் பிறகு என்றார். அவரால் சாய முடியாதே, அதற்குத்தானே வந்திருக்கிறோம் என்றாள். மேனேஜர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவசரமில்லை. இவன் சாயாவிட்டால் அறிக்கை செல்லாது. சாய்ந்தால் முதுகு நன்றாக இருக்கிறது. எப்படியும் சாயங்காலத்துக்குள் கோடவுனுக்குத் திரும்பிவிடலாம்.

"அப்ப அவருக்குப் பதிலா நான் சாயறேன்" என்றாள்.

தலைவர் அளவரைப் பார்த்தார், அளவர் எழுத்தரைப் பார்த்தார். அதற்கு இடம் உண்டாம். பதிலாள் சாயலாம். ஆனால் தலைப்பு யார் உடம்பில் ஏறுகிறதோ, அறிக்கையும் அவர் பெயரில்தான் ஏறும். எடை தூக்கத் தகுதியற்றவர் என்ற ஆணை அவளுக்கு வரும். அதைச் சலவை நிலையத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

சலவை நிலையத்தில் ஸ்டூல் எதுவும் இல்லை. ஈரத் துணி மூட்டையைத் தூக்க முடியாதவளுக்கு அங்கே வாசல்தான். அவளுக்கு அது தெரியும். தெரிந்தும், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அளவர் முன்னால் போய் நின்றாள். எழுத்தர் அவள் பெயரைக் கேட்டுப் பேனாவை எடுத்தார். அவள் வலது தோளைத் தாழ்த்தத் தொடங்கினாள்.

"நீ இங்க வா" என்றான் கம்பம். வாரியத்தில் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் சாய்ந்திருந்தான். கச்சைக்குள் இரும்புப் பட்டை ஒன்று முனகியது. "தொடர்ந்து எடை சுமப்போருக்கு" என்று ஆரம்பித்தான். நாலாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்தவன் குரல். அளவர் சட்டத்தை அவன் தோளோடு சேர்த்துப் பிடித்து, இன்னும் கொஞ்சம் என்று விரலால் காட்டினார். அவன் இன்னும் கொஞ்சம் சாய்ந்தான். கீழ்முதுகு எலும்பு நழுவுவதும் என்று சொல்லும்போது நெற்றியிலிருந்து வேர்வை நேராகக் கீழே சொட்டியது. அந்த அறையில் நேராகப் போனது அது ஒன்றுதான். கால் நரம்பு என்ற இடத்தில் குரல் நிற்கப் பார்த்தது. நின்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்பது விதி. அவள் வாய்மேல் கையை வைத்துக்கொண்டாள். அவன் மூச்சை இழுத்து அழுத்தத்தைச் சொல்லி, நேரில் கண்டதைச் சொல்லி, அறிக்கை என்று முடித்தான்.

"பன்னெண்டு" என்றார் அளவர். "மயிரிழை பிசகல ஐயா."

தலைவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். படித்தவர்கள்கூட இவ்வளவு நீளத் தலைப்பை இப்படி நிறுத்திச் சாய்ந்ததில்லை, வாரியத்தின் ஏட்டில் முதலில் எழுத வேண்டிய சாய்வு இது என்றார். தலைப்பு ஏற்கப்பட்டது. இனி நிமிரலாம்.

கம்பம் நிமிரவில்லை.

உள்ளே பட்டைகள் வளைந்து அப்படியே நின்றிருந்தன. பட்டைகள் மட்டும்தானா என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை. அவன் மனைவி ஓடிப் போய்த் தோளைப் பிடித்தாள். மேனேஜர் எழுந்து, பன்னிரண்டு பாகை சாய்கிற ஆளுக்கு ஸ்டூல் எதற்கு என்று பணிவாகக் கேட்டார். தலைவர் அவரை உட்காரச் சொன்னார். தலைப்பு ஏறிவிட்டதால் இனி உள்ளடக்கத்தைத் தொடலாம். தொட்டார். இரண்டாவது வரியை வாய்விட்டுப் படித்தார்.

"சாய்தலை அறவே தவிர்க்க வேண்டும். ஆக இந்த அறிக்கை சாயக் கூடாத ஒருத்தரைப் பத்தினது. நம்ம முன்னாடி நிக்கறவர் சாய்ஞ்சிருக்கார். இது வேற யாரோ ஒருத்தருடைய அறிக்கை. பாவம், அந்த ஆள் எங்க இருக்காரோ. அவர் வந்தா உடனே ஆணை குடுத்துடலாம்."

"ஐயா" என்றான் கம்பம். "முதுகு வலிக்குது. நிமிர முடியல."

அளவர் தூக்குக்குண்டைப் பார்த்துவிட்டு எழுத்தருக்குத் தலையசைத்தார். எழுத்தர் எழுதிக்கொண்டார்.

"ஆசிரியர் யாரு?" என்று கேட்டார்.

கம்பத்துக்கு விளங்கவில்லை.

"'முதுகு வலிக்குது, நிமிர முடியல'. தலைப்பு பதிஞ்சாச்சு. எழுதினது யாரு, எந்த வருஷம், எங்க வெளியானது? அது வேணும்ல."

"அது தலைப்பு இல்லீங்க. அவருக்கு வலிக்குது, சொல்றாரு" என்றாள் அவள்.

"சாய்ஞ்சு சொன்னா தலைப்பும்மா. நிமிர்ந்து சொன்னாத்தான் கூற்று" என்றார் தலைவர், மிகப் பொறுமையாக. "பணக்காரனுக்கு ஒண்ணு ஏழைக்கு ஒண்ணுன்னு இங்க விதி கிடையாது. அவரை நேரா நின்னு வலிக்குதுன்னு சொல்லச் சொல்லுங்க. இப்பவே எழுதிக்கறோம். நாங்க காத்திருக்கோம்."

காத்திருந்தார்கள். நியாயமான நேரம் காத்திருந்தார்கள். பிறகு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

படியிறங்கி வரும்போது கூடத்துக் காவலாளி விறைப்பாக எழுந்து நின்று கம்பத்துக்கு சலாம் வைத்தார். அந்தச் சாய்வைப் பார்த்து, பெரிய பதவியில் இருப்பவர் என்று நினைத்துவிட்டார்.

அவன் மனைவி கச்சையை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போய், பட்டைகளைச் சலவை நிலையத்து ஆவிப் பெட்டியில் வைத்து அழுத்தினாள். மேற்பார்வையாளர் பார்க்காத சமயமாகப் பார்த்து ஒவ்வொன்றாக அழுத்தினாள். பட்டைகள் நிமிர்ந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டினாள். பட்டை நிமிர்ந்த அளவுக்கு ஆள் நிமிரவில்லை. கச்சை ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாக இருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் நீண்ட நேரம் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, இது எங்கே நடந்தது என்று கேட்டார். வாரியத்தில் என்றாள். அப்படியானால் இது தொழிலிடக் காயம் ஆகாதே என்று சொல்லி, பழைய அறிக்கையை வாங்கி வைத்துக்கொண்டு புதிது ஒன்று எழுதிக் கொடுத்தார். அதன் தலைப்பு முந்தையதைவிட நீளம்.

மாதம் பிறந்தது. கோடவுன் வாசலில் ஸ்டூல் அப்படியே கிடந்தது. அதற்கு மேல் சுவரில் வாரியத்திலிருந்து வந்த சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. பன்னிரண்டு பாகைக்குக் குறையாமல் சாய்ந்த நிலையில் ஒருவர் சொல்வது எதுவானாலும் அது தலைப்பாகவே கொள்ளப்படும், அதற்குப் பதில் அளிக்கத் தேவையில்லை. மேனேஜர் அதை முழுதாகப் படித்திருந்தார். மூட்டையோடு நடக்கிற ஒவ்வொருவனும் எத்தனை பாகை சாய்கிறான் என்று அவருக்கு அதுவரை தோன்றியதில்லை. அன்று காலையிலிருந்து தோன்றிக்கொண்டிருந்தது. ஒரு தூக்குக்குண்டு வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்.

கம்பத்தை அவர் அன்போடுதான் வரவேற்றார். "சாய்ஞ்ச தோள்ல மூட்டை நல்லா உக்காரும்ப்பா. நழுவாது" என்றார்.

கம்பம் வரிசையில் போய் நின்றான். அவன் முறை வந்தது. மச்சான் குனிந்து, இரண்டு முனையையும் பிடித்து, மூட்டையை ஒரே வீச்சில் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினான். எதிரே யார் நிற்கிறார்கள் என்பதைத் தூக்கிய பிறகுதான் பார்த்தான்.

"வைக்காதீங்க மச்சான்" என்றான் கம்பம். "கால் போயிடும்."

மச்சான் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் கம்பத்தின் தோளைப் பார்த்தார், சுவரில் இருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"யார் எழுதினது அது?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. விதிப்படி கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. மச்சானின் முழங்கை நரம்பு புடைத்து நடுங்கத் தொடங்கியது. மூட்டையின் தையலிலிருந்து சிமெண்ட் தூள் அவன் பாதத்தின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. தூக்கிய மூட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நிற்க முடியாது. எங்காவது இறக்கித்தான் ஆக வேண்டும்.